கட்டற்ற இயங்குதளம் தனியுரிம மென்பொருளின் பெயரைச் சொல்லலாமா?

கேள்வி இதுதான்: "டெபியன் 12 நிறுவினேன். வைஃபை தானாகவே வேலை செய்தது. அதற்கான ஃபர்ம்வேர் தனியுரிம மென்பொருள் என்று பிறகுதான் தெரிந்தது. கட்டற்ற மென்பொருளுக்காகவே இருக்கும் ஓர் இயங்குதளம் இப்படிச் செய்யலாமா? தனியுரிம மென்பொருள் எங்கே கிடைக்கும் என்று வழிகாட்டுவதையாவது நிறுத்த வேண்டாமா?"

டெபியன் என்பது லினக்ஸ் இயங்குதளத் தொகுப்புகளில் ஒன்று. ஃபர்ம்வேர் என்பது வைஃபை அட்டை போன்ற வன்பொருளுக்குள் ஓடும் நிரல். மனிதர் படிக்கக்கூடிய மூலநிரல் கிடைத்து, அதை யாரும் திருத்திப் பகிரலாம் என்றால் அது கட்டற்ற மென்பொருள், அந்த உரிமை இல்லையென்றால் தனியுரிம மென்பொருள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெயரைச் சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் சொல்லும்போது முழுதாகச் சொல்ல வேண்டும். இதற்கு மூலநிரல் கிடையாது, இதைத் திருத்தும் உரிமை இன்ன நிறுவனத்திடம் மட்டும் இருக்கிறது, இது இல்லாவிட்டால் உங்கள் கணினியில் இன்னது வேலை செய்யாது, இதற்குக் கட்டற்ற மாற்று இருக்கிறது அல்லது இல்லை என்று எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். இதையெல்லாம் விட்டுவிட்டுப் பெயரை மட்டும் அடுக்கி வைத்தால் அது விளம்பரம். பெயரையே மறைத்தால், தன் கணினிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமையைப் பயனரிடமிருந்து பறிப்பதாகிவிடும்.

இதற்கு எதிரான வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. அதைச் சொல்பவர்கள் இந்த இயக்கத்தையே தொடங்கியவர்கள். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் க்னூ என்ற கட்டற்ற இயங்குதளத் திட்டத்தை அறிவித்தார், 1985-இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கினார். ஒரு டிஸ்ட்ரோவை, அதாவது டெபியன் போன்ற இயங்குதளத் தொகுப்பைப் பரிந்துரைக்க அந்த அறக்கட்டளை வைத்திருக்கும் விதிகள் கடுமையானவை. தனியுரிம மென்பொருள் உள்ளே இருக்கக் கூடாது என்பதோடு அவை நிற்பதில்லை. அதைப் பெறும் பக்கம் பயனரைத் திருப்பவும் கூடாது, ஆவணத்திலோ நிறுவியிலோ ரெப்போவிலோ (மென்பொருள்களை இறக்கும் களஞ்சியம்) அதற்கு வழிகாட்டவும் கூடாது. டிரிஸ்குவெல், பாரபோலா, பியூர்ஓஎஸ், கிக்ஸ் போன்ற சில மட்டுமே அந்தப் பட்டியலில் இருக்கின்றன. டெபியன், ஃபெடோரா, உபுண்டு மூன்றும் இல்லை. டெபியனைப் பற்றி அறக்கட்டளை பல ஆண்டுகள் சொல்லிவந்தது நியாயமான தொனியில்தான் இருந்தது: அதிகாரபூர்வ டெபியனுக்குள் தனியுரிம மென்பொருள் வராமல் மனசாட்சியோடு பார்த்துக்கொள்கிறார்கள், ஆனால் தனியுரிம மென்பொருளுக்கென ஒரு ரெப்போவையும் அதே சர்வர்களில் நடத்துகிறார்கள், யாரும் எளிதாக அதைக் கண்டுபிடித்துவிடலாம் என்றது.

அவர்கள் அஞ்சுவது இதைத்தான். நம்பகமான ஒரு டிஸ்ட்ரோ தன் பட்டியலில் ஒன்றைச் சேர்த்தாலே பயனர் அதைச் சாதாரணமான ஒன்றாக எடுத்துக்கொள்கிறார். மூலநிரல் எங்கே என்று கேட்கும் பழக்கம் போய்விடுகிறது. கேட்பவர்கள் குறைந்தால், தயாரிப்பு நிறுவனத்துக்கு மூலநிரலை வெளியிட எந்த நெருக்கடியும் இல்லை. இந்த அச்சத்தில் உண்மை இருக்கிறது. அதை மறுத்துவிட்டு நான் என் பதிலைச் சொல்லவில்லை.

இந்தக் கொள்கை எவ்வளவு தூரம் நீளும் என்பது 2007 டிசம்பரில் வெட்டவெளிச்சமானது. ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளத்தைத் தன்னால் பரிந்துரைக்க முடியாது என்றார் ஸ்டால்மன். அதன் போர்ட்ஸ் தொகுப்பில் தனியுரிம மென்பொருள்களும் இருப்பதுதான் அவர் சொன்ன காரணம். ஓப்பன்பிஎஸ்டியின் நிறுவனர் தியோ டி ராட் கொதித்துப்போனார். அந்தக் கோபத்துக்குப் பின்னணி உண்டு. தனியுரிம பைனரி (மூலநிரல் தராமல், இயந்திரத்துக்கு மட்டும் புரியும் வடிவில் தரும்) டிரைவர்களை இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் விடவே மாட்டோம், வன்பொருள் ஆவணங்களைத் திறந்து தாருங்கள் என்று தயாரிப்பாளர்களோடு அவரளவுக்கு மல்லுக்கட்டியவர்கள் குறைவு. அறக்கட்டளையே தன் 2004-ஆம் ஆண்டு விருதை அவருக்குத்தான் கொடுத்தது.

போர்ட்ஸில் உண்மையில் என்ன இருக்கிறது என்று திறந்து பார்ப்போம். ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு அடைவு, அதற்குள் மேக்ஃபைல் என்ற செய்முறைக் கோப்பு. மென்பொருளின் பெயர், பதிப்பு எண், எந்த முகவரியிலிருந்து இறக்க வேண்டும், எந்த உரிமம், பேக்கேஜாக்கி மற்றவர்களுக்குக் கொடுக்க அனுமதி உண்டா என்று சில வரிகள். அனுமதி இல்லையென்றால் ஏன் இல்லை என்ற காரணத்தையும் அந்த இடத்திலேயே எழுத வேண்டும். பக்கத்தில், இறக்கிய கோப்பு மாற்றப்பட்டதா என்று பார்க்கச் சரிபார்ப்பு எண் கொண்ட இன்னொரு கோப்பு. அவ்வளவுதான். அந்தத் தனியுரிம மென்பொருளின் ஒரு வரி நிரல்கூட அங்கே கிடையாது. இருப்பது குறிப்பு மட்டும். குறிப்பு இருப்பதே தவறு என்பது ஸ்டால்மனின் நிலை.

அப்படியானால் க்னூவின் ஈமேக்ஸ் எடிட்டரும் ஜிசிசி கம்பைலரும் விண்டோஸில் ஓடும்படி செய்து வைத்திருக்கிறீர்களே, அது மட்டும் என்ன என்று திருப்பிக் கேட்டார் தியோ. ஸ்டால்மனின் பதில் வெறும் சமாளிப்பு என்று நான் நினைக்கவில்லை. விண்டோஸில் இருப்பவருக்கு ஒரு கட்டற்ற மென்பொருளைக் கொடுத்தால் அவருடைய சுதந்திரம் ஒரு படி கூடுகிறது, கட்டற்ற இயங்குதளத்தில் இருப்பவருக்குத் தனியுரிமத்தின் வழியைக் காட்டினால் ஒரு படி குறைகிறது. இந்த இரண்டும் ஒன்றல்ல என்பதில் அவர் சொல்வது சரி. ஆனால் அவர் ஒன்றைப் பேசவில்லை. குறிப்பு இல்லாவிட்டால் அந்தப் பயனர் தேடுவதை நிறுத்திவிடுவாரா?

நிறுத்த மாட்டார். ஃபெடோராவின் கதையே இதற்குச் சாட்சி. அங்கே தடையாக இருந்தது பெரும்பாலும் கொள்கை அல்ல, அமெரிக்கச் சட்டம். எம்பி3, எச்264 போன்ற ஒலி, காணொளி வடிவங்களின் மீது காப்புரிமைகள் இருந்ததால் அவற்றைத் திறக்கும் கோடெக்குகளைக் கொடுக்கவும் முடியாது, கொடுப்பவர் யார் என்று வெளிப்படையாகக் கைகாட்டினாலும் காப்புரிமை மீறலுக்கு உடந்தை என்று வழக்கு வரலாம். எனவே பல ஆண்டுகள் ஃபெடோராவின் ஆவணங்கள் அந்த இடத்தில் வாயைத் திறக்கவில்லை. பயனர்கள் பாட்டுக் கேட்பதை விட்டுவிட்டார்களா? 2008-இல் லிவ்னா உள்ளிட்ட வெளி ரெப்போக்கள் சேர்ந்து ஆர்பிஎம் ஃப்யூஷன் ஆனது. அது பொறுப்பாக நடத்தப்படும் ரெப்போ, அதைக் கண்டுபிடித்தவர்கள் தப்பித்தார்கள். கண்டுபிடிக்காதவர்கள் யாரோ எழுதி வைத்த கட்டளையை அப்படியே டெர்மினலில் ஒட்டி, ரூட் கடவுச்சொல்லையும் கொடுத்து, எங்கிருந்தோ வந்த ஸ்கிரிப்டை ஓட்டினார்கள். ஃபெடோரா பெயர் சொல்லாத மென்பொருள் அவர்கள் கணினிக்குள் வரத்தான் செய்தது. கூடவே, யார் செய்தது, மாற்றப்பட்டதா என்று எதுவும் தெரியாத கோப்புகளும் வந்தன. ஓப்பன்பிஎஸ்டியின் அந்தக் குட்டி மேக்ஃபைலில் இருக்கும் சரிபார்ப்பு எண்ணின் அருமை இந்த இடத்தில்தான் புரியும்.

இனி டெபியனுக்கு வருவோம். கேள்வியும் அதைப் பற்றித்தான், இந்த விவாதத்தை மற்ற எவரையும்விட நேர்மையாக நடத்தியவர்களும் அவர்கள்தான்.

இயன் மர்டாக் 1993-இல் டெபியனைத் தொடங்கினார். 1994 நவம்பரிலிருந்து ஓராண்டு காலம் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையே அதற்கு ஆதரவு கொடுத்தது. 1997-இல் டெபியன் தன் சமூக ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டது. அதன் முதல் பிரிவு, டெபியன் முழுக்கக் கட்டற்றதாகவே இருக்கும் என்கிறது. நான்காவது பிரிவு, எங்கள் முன்னுரிமை பயனர்களுக்கும் கட்டற்ற மென்பொருளுக்கும் என்கிறது. ஐந்தாவது பிரிவு, எங்கள் அளவுகோலுக்குள் வராத மென்பொருள்களைப் பயன்படுத்த வேண்டிய பயனர்கள் இருக்கிறார்கள் என்று ஒப்புக்கொண்டு, அவற்றுக்கெனத் தனிப் பகுதிகளை ஒதுக்கி, இவை டெபியனின் பாகம் அல்ல என்றும் அறிவிக்கிறது. மெயின் (டெபியனே), கான்ட்ரிப் (கட்டற்றது, ஆனால் மெயினுக்கு வெளியே உள்ளதைச் சார்ந்தது), நான்-ஃப்ரீ (கட்டற்றதல்லாதது) என்ற மூன்று பகுதிகளின் பொருள் இதுதான். 2004-இல் நான்-ஃப்ரீயை ஒழித்துவிடலாமா என்று வாக்கெடுப்பே நடந்தது. வைத்துக்கொள்வது என்று முடிவானது.

இந்தப் பிரிப்பின் நுணுக்கம் பேக்கேஜ் விதிகளில் தெரியும். மெயினில் உள்ள ஒரு பேக்கேஜ், மெயினுக்கு வெளியே இருப்பதைத் தேவை என்றோ பரிந்துரை என்றோ குறிப்பிடக் கூடாது. யோசனையாகச் சொல்ல மட்டும் இடம் உண்டு. பரிந்துரை என்றால் டெபியனின் நிறுவல் கருவியான ஏபிடி அதைத் தானாகவே இழுத்துவந்து நிறுவிவிடும். யோசனை என்றால் பெயரைக் காட்டிவிட்டு நின்றுவிடும், எடுப்பதும் விடுவதும் உங்கள் பாடு. இன்னும் நுணுக்கமான ஒரு கேள்வி டெபியனின் தொழில்நுட்பக் குழுவிடம் போனது. இது வேண்டும், இல்லையேல் அந்தத் தனியுரிமப் பேக்கேஜ் என்று இரண்டாம் தேர்வாக எழுதலாமா என்பது கேள்வி. முதல் தேர்வு கட்டற்றதாக இருந்தால் எழுதலாம் என்று 2014-இல் குழு தீர்ப்புச் சொன்னது. பெயர் சொல்வது, பரிந்துரைப்பது, கையில் திணிப்பது ஆகிய மூன்றும் வெவ்வேறு செயல்கள் என்பதை இவ்வளவு துல்லியமாக விதியாக்கிய டிஸ்ட்ரோ வேறு எனக்குத் தெரிந்து இல்லை. அறக்கட்டளையின் விதிகளோ இந்த மூன்றையும் ஒரே கூடையில் போடுகின்றன. எனக்கும் அவர்களுக்கும் உள்ள வேறுபாடு அந்த இடத்தில்தான்.

ஆனால் ஃபர்ம்வேர் விஷயத்தில் டெபியனின் இந்தக் கணக்கு தடுமாறியது. வைஃபை அட்டை, கிராபிக்ஸ் அட்டை, இப்போது ஒலிச் சில்லுகூடத் தனக்குள் ஒரு குட்டிக் கணினி. அதற்குள் ஓட வேண்டிய நிரலைக் கணினி தொடங்கும்போது கெர்னல் ஏற்றிவிட வேண்டும். அந்த நிரல் பெரும்பாலும் மூலநிரல் இல்லாத பைனரி. 2011-இல் வந்த டெபியன் 6, அந்த பைனரிகளைக் கெர்னலிலிருந்து முழுக்கப் பிரித்து நான்-ஃப்ரீக்கு அனுப்பியது. கொள்கைப்படி சுத்தமான வேலை. அதனால் நடந்ததையும் பார்க்க வேண்டும்.

நிறுவல் முகாம்களில் உதவி செய்தவர்கள் எல்லோருக்கும் அந்தத் திரை மனப்பாடம். பாதி நிறுவலில் ஒரு நீலத் திரை வந்து நிற்கும். உங்கள் வன்பொருளுக்குத் தனியுரிம ஃபர்ம்வேர் கோப்புகள் தேவை, அவற்றை யூஎஸ்பி அல்லது ஃபிளாப்பியிலிருந்து ஏற்றலாம் என்று சொல்லி, விடுபட்ட கோப்பின் பெயரை இன்டெல் அட்டையின் மாதிரி எண்ணோடு காட்டும். லேப்டாப்பில் கேபிள் செருகத் துளையே இருக்காது. அந்தக் கோப்பை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு அந்தக் கோப்பு வேண்டும். முதல்முறை லினக்ஸ் பக்கம் வந்த கல்லூரி மாணவர் அந்தத் திரையைப் பார்த்து முகம் வாடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அவர்களில் பலர் வேறு டிஸ்ட்ரோவுக்குப் போனார்கள், சிலர் விண்டோஸுக்கே திரும்பினார்கள். இருந்தாலும் அந்தத் திரையில் ஒரு நல்லது உண்டு, பெயரையாவது சொன்னது.

ஃபர்ம்வேர் சேர்த்த நிறுவல் கோப்பையும் டெபியன்காரர்களே தயாரித்து வைத்திருந்தார்கள் என்பதுதான் இதில் வேதனை. அதிகாரபூர்வமற்றது என்ற பெயரோடு, சர்வரில் அடைவுக்குள் அடைவாகத் தள்ளி வைத்திருந்தார்கள். தெரிந்தவர்கள் நேராக அங்கே போனார்கள். தெரியாதவர்கள் முன்பக்கத்தில் இருந்ததை இறக்கி மாட்டிக்கொண்டார்கள். ஒரு கொள்கையின் பாரத்தை விவரம் தெரியாதவர் மட்டுமே சுமக்கிறார் என்றால், அந்தக் கொள்கை எங்கோ பிசகியிருக்கிறது என்று பொருள்.

நிறுவல் கோப்புகளைத் தயாரிக்கும் குழுவின் ஸ்டீவ் மெக்கின்டயர் 2022-இல் இதை வெளிப்படையாக எடுத்து வைத்தார். அவர் சொன்னவற்றில் என்னை மிகவும் பாதித்தது ஒலியைப் பற்றியது. புதிய லேப்டாப்கள் பலவற்றில் ஒலி வருவதற்கே ஃபர்ம்வேர் வேண்டும். பார்வையற்றவர்கள் டெபியனைப் பேச்சொலி வழியாகத்தான் நிறுவுகிறார்கள். ஃபர்ம்வேர் இல்லையென்றால் இன்ஸ்டாலர் பேசாது. என்ன கோப்பு குறைகிறது என்று திரையில் எழுதிக் காட்டி அவர்களுக்கு என்ன பயன்? இந்த நிலையில் தூய்மையைக் காப்பாற்றுவது என்றால், ஒரு சாராரைக் கட்டற்ற இயங்குதளத்தின் வாசலிலேயே நிறுத்துவது என்றாகிறது. இதற்கு ஒரு பதில் சொல்லாமல் யாரும் கடுமையான நிலையை ஆதரிக்க முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

2022 அக்டோபர் 1-ஆம் தேதி முடிவு வந்தது. சமூக ஒப்பந்தத்தைத் திருத்த நான்கில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும், அதுவும் கிடைத்தது. வன்பொருளுக்குத் தேவைப்பட்டால், டெபியனின் பாகமல்லாத ஃபர்ம்வேரையும் அதிகாரபூர்வ நிறுவல் கோப்பில் சேர்க்கலாம் என்று ஐந்தாவது பிரிவில் ஒரு வாக்கியம் சேர்ந்தது. 2023 ஜூன் 10-ஆம் தேதி வெளிவந்த டெபியன் 12-இல் நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் என்று புதிய பகுதி வந்தது. இந்தப் புதிய பகுதிதான் எனக்கு மிகப் பிடித்த அம்சம். முன்பெல்லாம் வைஃபைக்காக நான்-ஃப்ரீயைத் திறந்தால் அங்கே இருந்த மற்ற எல்லாத் தனியுரிமப் பேக்கேஜ்களும் சேர்ந்தே தேடலில் வந்து நிற்கும். இப்போது ஃபர்ம்வேருக்கு மட்டும் கதவைத் திறந்து, மற்றதைப் பூட்டியே வைக்கலாம்.

பாதுகாப்புக் காரணமும் இருக்கிறது. 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் குறைபாடுகள் வெளியானபோது, இன்டெல் பிராசஸர்களுக்கு மைக்ரோகோட் (பிராசஸருக்குள்ளேயே ஓடும் நிரல்) திருத்தம் தேவைப்பட்டது. அதுவும் மூலநிரல் இல்லாத பைனரிதான், டெபியனில் அதன் பேக்கேஜ் நான்-ஃப்ரீயில் இருந்தது. அந்தப் பகுதியைத் திறக்காதவருக்கு ஏபிடி வழியாக அந்தத் திருத்தம் வரவே இல்லை. அவருடைய பிராசஸருக்குள் தனியுரிம மைக்ரோகோட் ஏற்கெனவே ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஓட்டையுள்ள பழைய பதிப்பு ஓடியது, அவ்வளவுதான் வித்தியாசம். தனியுரிமம் வேண்டாம் என்று தள்ளியவருக்குத் தனியுரிமத்திலிருந்து விடுதலை கிடைக்கவில்லை, திருத்தம் மட்டும் கிடைக்காமல் போனது.

பெயரை மறைப்பது எப்படியிருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் லினக்ஸ்-லிப்ரே கெர்னலைப் பாருங்கள். லத்தீன் அமெரிக்கக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை பராமரிக்கும் கெர்னல் அது, பாரபோலாவும் கிக்ஸும் அதைத்தான் பயன்படுத்துகின்றன. தனியுரிமக் கோப்புகளை நீக்குவதோடு, அவற்றைக் கேட்கும் நிரல் வரிகளையும் அது மாற்றிவிடுகிறது. வைஃபை வேலை செய்யாதபோது கெர்னல் பதிவைத் திறந்தால், கட்டற்ற ஃபர்ம்வேர் இல்லை, தனியுரிம ஃபர்ம்வேரை ஏற்றுவது முடக்கப்பட்டுள்ளது என்று ஒரு வரி இருக்கும். எந்தக் கோப்பு என்று தேடினால், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் டீபிளாப்டு (பைனரி நீக்கப்பட்டது) என்ற சொல் மட்டும் இருக்கும். ஒரு தனியுரிமக் கோப்பைக் கெர்னல் பெயர் சொல்லிக் கேட்பதே பயனரை அதன் பக்கம் தூண்டுவதாகும் என்பது அவர்கள் வாதம். நான் இதை ஏற்கவில்லை. பயனருக்கு அந்தப் பெயர், கோப்பைத் தேடிப் போக மட்டும் பயன்படுவதில்லை. எந்தச் சில்லு என்னை இந்த நிலையில் வைத்திருக்கிறது, எந்த நிறுவனத்திடம் மூலநிரல் கேட்க வேண்டும், அடுத்த லேப்டாப்பில் எதைத் தவிர்க்க வேண்டும் என்பதெல்லாம் அந்தப் பெயரிலிருந்துதான் தொடங்கும். மூலநிரலை ஏன் திறக்கச் சொல்கிறோம்? கணினி என்ன செய்கிறது என்று பயனர் அறிய வேண்டும் என்பதற்காக. அதே நோக்கத்தின் பெயரால் பயனரிடமிருந்து ஒரு தகவலை எடுத்துவிடுவது எப்படிச் சரியாகும்?

இன்னொரு சிக்கலும் இந்த நிலைப்பாட்டில் இருக்கிறது. ஃபர்ம்வேரைத் தயாரிப்பாளர் சில்லுக்குள்ளேயே மாற்ற முடியாதபடி பதித்துவிட்டால், அறக்கட்டளை அதை வன்பொருளாகவே எடுத்துக்கொள்கிறது. அதே பைனரியை இயங்குதளம் ஏற்ற வேண்டும் என்றால் தவறாகிவிடுகிறது. பியூரிசம் நிறுவனம் லிப்ரெம் 5 கைபேசியை உருவாக்கும்போது, நினைவகத்தைத் தயார்படுத்தும் ஒரு பைனரிக்காக இந்த விதியைப் பார்த்துப் பார்த்து வடிவமைக்க வேண்டியிருந்தது. அதைத் தனி ஃபிளாஷ் சில்லில் வைத்து, துணைப் பிராசஸர் வழியாக ஏற்ற ஏற்பாடு செய்தார்கள். கைபேசியை வாங்கியவருக்கு அந்த பைனரியின் மீது கூடுதலாக எந்த உரிமையும் வரவில்லை. கண்ணுக்கு எட்டும் இடத்திலிருந்து எட்டாத இடத்துக்கு அது நகர்ந்தது. என்னைக் கேட்டால், கோப்பாகக் கையில் இருப்பதே மேல். அதைப் பிரித்து ஆராயலாம், பதிப்பைச் சரிபார்க்கலாம், ஒருநாள் கட்டற்ற ஒன்றால் மாற்றவும் செய்யலாம்.

அப்படி மாற்றியதும் நடந்திருக்கிறது. ஏத்தராஸ் நிறுவனத்தின் ஏஆர்9271 என்ற யூஎஸ்பி வைஃபை சில்லின் ஃபர்ம்வேர் மூலநிரல் 2013-இல் கட்டற்ற உரிமத்தில் வெளியானது. கட்டற்ற வன்பொருள் விற்கும் சிறு நிறுவனமும் அக்கறையுள்ள பொறியாளர்களும் விடாமல் கேட்டதன் விளைவு அது. இன்று அந்த ஃபர்ம்வேர் டெபியனின் மெயினிலேயே இருக்கிறது. கிக்ஸ் கையேடு இன்றும் பரிந்துரைக்கும் வைஃபை சில்லுகளில் அதுவும் ஒன்று. தூய்மையான டிஸ்ட்ரோக்கள் இருந்ததால்தான் அப்படியொரு சில்லுக்குச் சந்தையே இருந்தது என்பதை நான் முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். டிரிஸ்குவெலும் கிக்ஸும் அப்படியே இருக்கட்டும், இருக்க வேண்டும். ஆனால் எல்லா டிஸ்ட்ரோவும் அப்படியாக வேண்டும் என்பதுதான் சரிவராது.

ஃபர்ம்வேருக்கு நான் இவ்வளவு வாதாடுவதற்குக் காரணம், லேப்டாப்பை ஏற்கெனவே வாங்கிவிட்டவருக்கு அங்கே தேர்வு இல்லை. தேர்வு இருக்கும் இடத்தில் என் அளவுகோல் வேறு. 2018-இல் வந்த ஃபெடோரா 28 முதல், வெளி ரெப்போக்களை இயக்க ஒப்புக்கொண்டால் கூகுள் குரோம், ஸ்டீம், என்விடியா டிரைவர் எல்லாம் மென்பொருள் கடையின் தேடலிலேயே வரும். என்விடியா டிரைவருக்கு நியாயம் இருக்கிறது, அட்டை உங்கள் கணினியில் இருக்கிறது, அது இல்லாமல் பலருக்கு வேலை ஓடாது. குரோமுக்கு அந்த நியாயம் இல்லை. ஃபயர்பாக்ஸ் பக்கத்திலேயே இருக்கிறது, குரோமியமும் இருக்கிறது. ஒரே மாதிரிப் படம், ஒரே மாதிரிப் பொத்தானோடு மூன்றையும் வரிசையாக வைக்கும்போது ஸ்டால்மன் சொல்லும் ஆபத்து நிஜமாகிறது. அங்கே நான் அவர் பக்கம்தான். ஃபிளாஷ் காலத்திலும் இதுவே நடந்தது. அடோபியிடமிருந்து இறக்கித்தரும் பேக்கேஜ் ஒரு கட்டளையில் கிடைத்ததால், நாஷ் என்ற கட்டற்ற மாற்றுக்கு வேண்டிய கைகள் சேரவில்லை என்றே நான் நினைக்கிறேன். 2020 இறுதியில் அடோபி ஃபிளாஷைக் கைவிட்டபோது, அதையே நம்பிச் செய்த பாடங்களும் விளையாட்டுகளும் அநாதையாயின.

உபுண்டுவின் இன்ஸ்டாலரில் பல ஆண்டுகள் ஒரே ஒரு டிக் பெட்டி இருந்தது. கிராபிக்ஸ், வைஃபை, ஃபிளாஷ், எம்பி3 ஆகியவற்றுக்கான வெளியார் மென்பொருளை நிறுவு என்று. நல்ல எண்ணத்தில் வைத்ததுதான், ஆனால் எத்தனை விஷயங்கள் அதில் ஒன்றாகக் குழம்பிக் கிடந்தன பாருங்கள். எம்பி3 டிகோடர்களுக்கு மூலநிரல் திறந்தே இருந்தது, சிக்கல் காப்புரிமையில் மட்டும்தான், அதுவும் 2017-இல் காலாவதியானது. பெரும்பாலான வைஃபை ஃபர்ம்வேருக்கு மூலநிரல் இல்லை, மாற்றும் இல்லை. ஃபிளாஷுக்கு மூலநிரல் இல்லை, அரைகுறை மாற்று உண்டு. ஒரே டிக்கில் எல்லாம் போனதால் பயனர் எதையும் தெரிந்துகொள்ளவில்லை. டெபியனின் நான்-ஃப்ரீயிலும் இந்தக் குறை கொஞ்சம் உண்டு. க்னூ ஈமேக்ஸின் கையேடே அங்கேதான் இருக்கிறது, ஏனென்றால் மாற்றக் கூடாத பகுதிகள் கொண்ட ஆவண உரிமம் கட்டற்றதல்ல என்று 2006-இல் டெபியன் வாக்களித்து முடிவு செய்தது. ஸ்டால்மனின் கையேடும் என்விடியாவின் டிரைவரும் ஒரே பலகையின் கீழ் நின்றால், அந்தப் பலகை மட்டும் பார்த்துப் பயனர் என்ன புரிந்துகொள்வார்? காரணத்தையும் எழுத வேண்டும்.

காரணத்தோடு பெயர் சொல்லும் முறைக்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் எஃப்-டிராய்ட். ஆண்ட்ராய்டுக்கான கட்டற்ற செயலிகளை மட்டும் வைத்திருக்கும் அந்தக் கடையில், ஒரு செயலி தனியுரிமச் சேவையை நம்பியிருந்தாலோ, தனியுரிமத் துணைச்செயலிகளைப் பரப்பினாலோ, பயனரைக் கண்காணித்தாலோ, எதிர் அம்சம் என்று தனித்தனியாகக் குறித்துக் காட்டுவார்கள். படித்துவிட்டு நிறுவலாம், விடலாம். நிக்ஸ் என்ற பேக்கேஜ் மேலாளர் ஒருபடி மேலே போகிறது. தனியுரிமப் பேக்கேஜ் ஒன்றைக் கேட்டால், இதன் உரிமம் கட்டற்றதல்ல, எனவே மறுக்கிறேன் என்று நின்றுவிடும். அடுத்த வரிகளில், இந்த ஒருமுறை மட்டும் அனுமதிக்க என்ன செய்ய வேண்டும், நிரந்தரமாக அனுமதிக்க என்ன எழுத வேண்டும் என்பதையும் அதுவே சொல்லும். மறைக்கவும் இல்லை, தள்ளிவிடவும் இல்லை. தெரிந்தே செய் என்கிறது.

அந்த அளவுகோலில் டெபியன் 12-க்கு ஒரு குறை உண்டு. என்ன ஃபர்ம்வேர் ஏற்றப்பட்டது என்று பயனருக்குச் சொல்வோம், அதைக் கணினியிலும் சேமித்து வைப்போம் என்று 2022 தீர்மானத்திலேயே எழுதியிருந்தார்கள். ஆனால் வழக்கமான நிறுவலில் அது தனியாக நின்று கேட்பதில்லை. அதனால்தான் உங்களுக்குப் பிறகு தெரியவந்தது. ஒரே ஒரு திரை போதும். உங்கள் வைஃபை அட்டைக்கு மூலநிரல் இல்லாத இந்தக் கோப்பு தேவை, இன்ன நிறுவனம் வெளியிடுவது, சேர்க்கவா என்று கேட்டால் அரை நிமிடம். டெபியனை அடிப்படையாகக் கொண்ட டிஸ்ட்ரோக்கள் ஏராளம், சென்னையில் அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அவற்றில் ஒன்று. டெபியன் ஒரு பழக்கத்தை ஏற்படுத்தினால் அது அங்கெல்லாம் போய்ச் சேரும். இன்ஸ்டாலர் தமிழிலும் கிடைக்கிறது என்பதால், அந்த ஒரு திரையை நம் பள்ளி மாணவரும் படித்துப் புரிந்துகொள்வார்.

சரி, உங்கள் கணினியில் இப்போது என்ன செய்யலாம்? செக்-டிஎஃப்எஸ்ஜி-ஸ்டேட்டஸ் என்ற பேக்கேஜை நிறுவி ஓட்டுங்கள். முன்பு விஆர்எம்எஸ் என்று இருந்தது அதுதான். மெயினுக்கு வெளியிலிருந்து என்னென்ன உள்ளே இருக்கிறது என்று பட்டியல் தரும். ஃபர்ம்வேர் தவிர வேறு எதுவும் அதில் இல்லையென்றால், ஏபிடியின் மூலப் பட்டியலில் நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள், நான்-ஃப்ரீயும் கான்ட்ரிப்பும் இருந்தால் எடுத்துவிடலாம். மைக்ரோகோட் பேக்கேஜை மட்டும் நீக்கிவிடாதீர்கள். அடுத்தமுறை நிறுவும்போது தனியுரிம ஃபர்ம்வேர் எதுவும் வேண்டாம் என்று தோன்றினால், பூட் வரியில் ஃபர்ம்வேர் = நெவர் என்ற அளவுருவை ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் சேர்த்தால் இன்ஸ்டாலர் அதைத் தொடாது. அதற்கு முன் ஏஆர்9271 சில்லு உள்ள ஒரு யூஎஸ்பி வைஃபையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பழைய மாதிரி என்பதால் வேகம் குறைவு, 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான். வாங்கும்போது பெட்டியில் உள்ள பெயரை மட்டும் நம்பாமல் வன்பொருள் பதிப்பு எண்ணையும் பார்த்து வாங்குங்கள், ஏனென்றால் ஒரே பெயரில் விற்கும் அடுத்த பதிப்புக்குள் வேறு சில்லு இருப்பது உண்டு.